ஏழு லிட்டர் பெட்டியில் ஒன்பது லிட்டர்

இலாரியோன்: மோந்து பாருங்க.

கவ்ரிலா: பாத்தாச்சு.

இலாரியோன்: எங்க பாத்தீங்க? மூக்கைக் கிட்ட கொண்டு போங்க மச்சான். ஆயில் ஒண்ணும் கடிக்காது.

கவ்ரிலா: அழுகின முட்டை நாத்தம். கியர் ஆயில்னா அப்படித்தான் நாறும். முப்பத்தோரு வருஷமா இந்த லாரியில இதே நாத்தம்தான். போதுமா?

இலாரியோன்: சரி, கலர் சொல்லுங்க.

கவ்ரிலா: கறுப்பு.

இலாரியோன்: கறுப்பா!

கவ்ரிலா: ...கறுப்பு மாதிரி.

இலாரியோன்: பால் ஊத்தின காப்பி கணக்கா இருக்கு. இதைப் போயி கறுப்புங்கறீங்க.

கவ்ரிலா: லாரிக்கு அடியில குனியவச்சு கலர் கேட்டா என்னத்தச் சொல்ல? இருட்டா இருக்குல்ல.

இலாரியோன்: மத்தியானம் ரெண்டு மணிக்கு எந்த ஊர்ல இருட்டு?

கவ்ரிலா: நீ கியரைப் பாக்க வந்தியா, என்னைக் குறுக்கு விசாரணை பண்ண வந்தியா? பொழுது சாயறப்போ தேனீ எல்லாம் கூட்டுக்குத் திரும்பினதும் இந்த வண்டி கிளம்பியாகணும் மாப்ள. நாப்பது தேன்பெட்டி ஏத்தணும். டான்யூப் கரையில சல்கம் மரமெல்லாம் பூத்து மூணு நாளாச்சு. இன்னும் ஒரு வாரம், அப்பறம் பூ கொட்டிடும். அதை விட்டா இந்த வருஷத்துத் தேன்...

இலாரியோன்: போச்சு. தெரியும். காலையில இருந்து ஏழாவது தடவை சொல்றீங்க. அவ்வளவு அவசரம் இருக்குற மனுசன் நேத்தே ஏன் எனக்குப் போன் பண்ணலை?

கவ்ரிலா: இன்னிக்கும் நான் பண்ணலையே. நீயாத்தானே வந்து குதிச்ச.

இலாரியோன்: அக்கா கூப்பிட்டுச்சு, வந்தேன். சரி, முதல்ல இருந்து சொல்லுங்க. கியர் எப்ப மக்கர் பண்ணிச்சு?

கவ்ரிலா: நேத்து, செவ்வாக்கிழமை. மில்லுக்கு சோளம் அரைக்கப் போனேன். மூணாவது போட்டா 'கர்ர்'ருங்குது. கையை எடுத்தா தானா வெளிய குதிச்சிடுது. சரின்னு ரெண்டாவதுலயே உருட்டிக்கிட்டு வந்து நிறுத்திட்டேன்.

இலாரியோன்: அதுல தப்பிச்சீங்க. இந்த மூடியில காந்தம் இருக்கு பாருங்க. இதுல ஒட்டியிருக்குறது வெறும் சாம்பல் பசை. கொஞ்சம் பித்தளைத் தூள். வயசான வண்டிக்கு அது சகஜம். பல்லு எதுவும் முறியலை. இன்னும் அம்பது கிலோமீட்டர் ஓட்டியிருந்தா உள்ள இருக்குறதை மொறத்துல அள்ளியிருப்போம்.

கவ்ரிலா: அப்போ ஒண்ணுமில்ல. புது ஆயில் ஊத்து, மூடு, முடிஞ்சுது.

இலாரியோன்: எங்க முடிஞ்சுது? மூடியைக் கழட்டினதும் முதல்ல என்ன வந்துச்சு, பாத்தீங்களா?

கவ்ரிலா: ஆயில்.

இலாரியோன்: இல்ல. தண்ணி மாதிரி ஒண்ணு. ராத்திரி பூரா வண்டி நின்னதுல கனமானது அடியில இறங்கியிருக்கு, மேல ஆயில் மிதந்திருக்கு. உள்ள தண்ணி போயிருக்கு மச்சான். எப்படிப் போச்சு?

கவ்ரிலா: மார்ச் மாசம் ஓடையில இறக்கினேன்ல. பாலம் ஒடஞ்சு கிடந்துச்சே, அப்போ. அதான்.

இலாரியோன்: அப்படின்னா பின் அச்சுப் பெட்டியிலயும் தண்ணி இருக்கணும். அது இதைவிடக் கீழ தொங்குது. கழட்டிப் பாத்தேன், கண்ணாடியா இருக்கு ஆயிலு.

கவ்ரிலா: மூடுபனி. இந்த வருஷம் மூடுபனி ஜாஸ்தி.

இலாரியோன்: மூடுபனி பெட்டிக்குள்ள ரெண்டு சொட்டு விடும். ரெண்டு லிட்டரா விடும்?

கவ்ரிலா: ரெண்டு லிட்டரா? யார் சொன்னா?

இலாரியோன்: இந்தப் பக்கெட் சொல்லுது. அக்டோபர்ல நான்தானே ஆயில் மாத்தினேன்? இந்தப் பெட்டி ஏழு லிட்டர் பிடிக்கும். ஏழுதான் ஊத்தினேன். இப்போ வடிச்சது ஒன்பது. எண்ணிப் பாத்துக்கோங்க, கோடு போட்டிருக்கு.

கவ்ரிலா: இருக்கட்டும்.

இலாரியோன்: கோடு தெரியுதா?

கவ்ரிலா: தெரியுது, தெரியுது. அப்போ எவனோ ஊத்தியிருக்கான். பம்ஃபில்! அவன்தான். போன வருஷம் என் தேனுக்கு மொத பரிசு கிடைச்சதுல இருந்து அவனுக்கு வயிறு எரியுது.

இலாரியோன்: பக்கத்து வீட்டு பம்ஃபிலா? உங்க பெட்டியில பாதியை வருஷா வருஷம் கைப்பிடிச்சு ஏத்தி விடறவரு?

கவ்ரிலா: அந்தப் படுபாவி பேச்சை எடுக்காத. முப்பது வருஷம் ரெண்டு வண்டியும் ஒண்ணு பின்னால ஒண்ணாத்தான் போகும். இந்த வருஷம் பூ முந்திக்கிச்சுன்னு நேத்து விடியக்காலம் ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டான். லாரிக்குப் பின்னால மாட்டுற இழுவைப் பெட்டி காலியாத்தான் கிடந்துச்சு அவன்கிட்ட. என் நாப்பதையும் அதுல தூக்கி வச்சுட்டுப் போகலாம்னு பாத்தா...

இலாரியோன்: ஒரு நிமிசம்.

கவ்ரிலா: என்ன?

இலாரியோன்: அவரு போனது நேத்து விடியக்காலம். உங்க கியர் கெட்டது அதுக்கப்பறம், மில்லுக்குப் போறப்போ. அதுக்கு முன்னாடியே அவரு வண்டியில எதுக்கு இடம் பாத்தீங்க?

கவ்ரிலா: ...சும்மா. ஒரு பேச்சுக்கு.

இலாரியோன்: ஒரு பேச்சுக்கு!

கவ்ரிலா: அதை விடு. கேபின்ல ஒரு பை கிடக்கே, யாரோடது?

இலாரியோன்: என்னோடது. டூல்ஸ்.

கவ்ரிலா: டூல்ஸ் பையில இருந்து பைஜாமா கால் தொங்குது.

இலாரியோன்: அது... கை துடைக்க.

கவ்ரிலா: இஸ்திரி போட்ட பைஜாமாவுல கை துடைக்குற மெக்கானிக்கை இப்பத்தான் பாக்குறேன்.

இலாரியோன்: கலர் தெரியலை, கோடு தெரியலை, பைஜாமாவுல இருக்குற இஸ்திரி மட்டும் தெரியுதாக்கும்.

கவ்ரிலா: தடவிப் பாத்தேன்.

இலாரியோன்: நல்லாப் பாத்தீங்க. தள்ளுங்க, இந்த மீதியை ஜல்லடையில வடிகட்டிப் பாக்குறேன். இரும்புத் துண்டு ஏதாவது... ஏ... இதென்னது?

கவ்ரிலா: பல்லா? ஐயோ, பல்லு முறிஞ்சிருச்சா?

இலாரியோன்: இல்ல. இலை.

கவ்ரிலா: இலையா? கியர் பெட்டிக்குள்ளயா?

இலாரியோன்: துளசி இலை மச்சான். காஞ்சது. காம்போட.

சவேத்தா: ரெண்டு பேரும் கையைக் கழுவுங்க. சோளக்களி கிண்டி வச்சிருக்கேன், பாலாடைக்கட்டி இருக்கு. அப்பறம் வந்து கட்டிப் புரளுங்க அந்த லாரியை.

இலாரியோன்: அக்கா, நல்ல நேரத்துல வந்த. கியர் பெட்டிக்குள்ள துளசி முளைக்குமா?

சவேத்தா: ...களி ஆறிடும்டா.

இலாரியோன்: அக்கா.

சவேத்தா: என்ன அக்கா? துளசிதானே? காத்துல பறந்து போயிருக்கும்.

இலாரியோன்: இந்த ஊர்ல துளசி ரெண்டே இடத்துலதான் இருக்கும். தீர்த்தம் தெளிக்குற பாதிரியார் கையில, இல்ல உன் வீட்டு சாமி படத்துக்குப் பின்னாடி. பாதிரியார் லாரிக்கு அடியில படுத்த மாதிரி தெரியலை.

கவ்ரிலா: ஏ புள்ள, என்ன பண்ணின?

சவேத்தா: நான் ஒண்ணும் பண்ணலை! வேணும்னு பண்ணலை. கியோர்கி திருநாளுக்குப் பாதிரியார் வந்து தேன்பெட்டிக்கு எல்லாம் தீர்த்தம் தெளிச்சாருல்ல? லாரிக்கும் ரெண்டு சொட்டு தெளிங்க சாமின்னு கேட்டேன். இந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா? 'லாரி என்ன கன்னுக்குட்டியா'ன்னு சிரிச்சாரு. பாதிரியாரும் சேந்து சிரிச்சிட்டு சாராயம் குடிக்க உள்ள போயிட்டாரு.

கவ்ரிலா: அவரு வந்ததே அதுக்குத்தான்.

சவேத்தா: நீ பேசாதய்யா. மறுநாள் நானே தெளிச்சேன். ஜனவரி பூசையில குடுத்த தீர்த்தம், பாட்டில்ல வச்சிருந்தேன். துளசிக் கொத்தை நனைச்சு ஸ்டியரிங்குக்குத் தெளிச்சேன், பிரேக்குக்குத் தெளிச்சேன், முன் கண்ணாடிக்கு மூணு தடவை தெளிச்சேன்...

இலாரியோன்: கண்ணாடிக்கு எதுக்கு மூணு தடவை?

சவேத்தா: தோணுச்சு, தெளிச்சேன். கியர் கம்பிக்குத் தெளிக்குறப்போ பாட்டில் கை நழுவிடுச்சு. கம்பிக்கு அடியில அந்த ரப்பர் கிழிஞ்சு வாயைப் பிளந்துக்கிட்டு இருக்குல்ல, அதுக்குள்ள கொளகொளன்னு இறங்கிடுச்சு. கொத்துல இருந்து இலையும் போச்சு போல.

இலாரியோன்: அடக் கடவுளே.

சவேத்தா: கடவுளோட தண்ணிதானே, ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்.

கவ்ரிலா: பாத்தியா மாப்ள, பாத்தியா! இவதான்! நான் ஓடைங்கறேன், பனிங்கறேன், பாவம் பம்ஃபிலை வேற திட்டித் தொலைச்சேன். கடைசியில வீட்டுக்குள்ளயே! சரி, கண்டுபிடிச்சாச்சு. மூடு, ஆயிலை ஊத்து.

சவேத்தா: ஆமாய்யா, நான்தான். பூ கொட்டிப்போச்சுன்னா என்னால கொட்டிப்போச்சுன்னு ஊர் பூரா சொல்லிக்கோ. போதுமா?

இலாரியோன்: அக்கா, அழாத. பாட்டில் எவ்வளவு பெருசு?

சவேத்தா: ஒரு லிட்டர். வாரத்துக்கு ஒரு மடக்கு குடிச்சது போக பாதிதான் இருந்துச்சு...

இலாரியோன்: ஒரு பாட்டில்தானா?

சவேத்தா: வருசத்துக்கு ஒரு தடவை குடுக்குற தீர்த்தம், ரெண்டு பாட்டிலுக்கு எங்கடா போவேன்? நான் போயி காப்பி போடுறேன். களியை நீங்களே தின்னுக்கோங்க, எனக்கு வேணாம்.

கவ்ரிலா: ...போயிட்டாளா?

இலாரியோன்: போயிடுச்சு. ஏன் மச்சான், உங்களுக்கு என்ன திடீர்னு அவ்வளவு சந்தோசம்?

கவ்ரிலா: சந்தோசமா? யாருக்கு?

இலாரியோன்: பொண்டாட்டி மேல பழி விழுந்ததும் லாட்டரி விழுந்த மாதிரி குதிச்சீங்களே.

கவ்ரிலா: காரணம் தெரிஞ்சுதேன்னு ஒரு நிம்மதி. அவ்வளவுதான்.

இலாரியோன்: எங்க தெரிஞ்சுது? ஏழும் அரையும் ஏழரை. பக்கெட்ல ஒன்பது. மீதி ஒண்ணரை எந்த சாமி குடுத்தது?

கவ்ரிலா: நீ அக்டோபர்ல அளவு தப்பா ஊத்தியிருப்ப.

இலாரியோன்: நான்? அளவு தப்பு? ...சரி, அதை விடுங்க. இன்னொண்ணு கேக்குறேன். உங்க தேனீ ஏன் என் பக்கெட்டைச் சுத்துது?

கவ்ரிலா: எந்தத் தேனீ?

இலாரியோன்: பாருங்க. ரெண்டு... நாலு... அஞ்சு உக்காந்திருக்கு விளிம்புல. ஒண்ணு ஆயில்ல விழுந்து செத்தே போச்சு. நாப்பது வருஷமா ஆயில்லயே கிடக்குறேன் மச்சான், கியர் ஆயிலுக்கு எறும்பு கூட வந்து பாத்ததில்ல.

கவ்ரிலா: பசியில இருக்கு. பூ இல்லாத நேரம். எதுலயும் உக்காரும்.

இலாரியோன்: அழுகின முட்டை நாத்தத்துலயுமா? இருங்க. அந்தத் தகர மூடியை எடுங்க. அது இல்ல, அது தட்டு. அதுக்குப் பக்கத்துல. ஆங். இதுல அடியில வந்த தண்ணியைக் கொஞ்சம் விட்டு நான் கொண்டாந்த சின்ன அடுப்புல காட்டுறேன்.

கவ்ரிலா: நேரம் போகுது மாப்ள, இதெல்லாம் எதுக்கு?

இலாரியோன்: சத்தம் கேக்குதா? படபடன்னு. அது தண்ணி. சரியா? இப்போ தண்ணி வத்திடுச்சு. என்ன மிச்சம் நிக்குது பாருங்க. பழுப்பா, நுரைச்சுக்கிட்டு. இப்போ மோந்து பாருங்க.

கவ்ரிலா: வேணாம்.

இலாரியோன்: சர்க்கரை கருகுற வாசனை! எந்தப் பாதிரியாரு மச்சான் தீர்த்தத்துல சர்க்கரை போடறாரு?

கவ்ரிலா: கத்தாத.

இலாரியோன்: இது தேனீக்கு வைக்குற சர்க்கரைப் பாகு. இந்த வீட்டுல பாகு காய்ச்சுற ஆளு ஒருத்தருதான். உங்க...

கவ்ரிலா: கத்தாதடா. அவளுக்குக் கேக்கும்.

இலாரியோன்: நீங்களா?

கவ்ரிலா: அடுப்பை அணை முதல்ல.

இலாரியோன்: மச்சான், நீங்களா? உங்க லாரிக்கா? பெத்த புள்ளைக்கு மேல துடைச்சுத் துடைச்சு வச்ச லாரிக்கா?

கவ்ரிலா: ஞாயித்துக்கிழமை. அவ கோயிலுக்குப் போனப்போ. அந்தக் கிழிஞ்ச ரப்பர் வழியாத்தான் நானும். ஒண்ணரை லிட்டர். அளந்து ஊத்தினேன்.

இலாரியோன்: அளந்து! என்ன, இருமல் மருந்தா?

கவ்ரிலா: பல்லு முறியக் கூடாது, ஆனா வண்டி கிளம்பக் கூடாது. அந்தக் கணக்கு. லாரி கெட்டுப்போச்சுன்னா பம்ஃபில்கிட்ட உதவி கேக்கலாம், அதுல வெக்கம் இல்ல. மில்லுக்கு ஓட்டிப் பாத்தேன், நெனச்ச மாதிரியே கெட்டுப்போச்சு. அவன் வீட்டுக்கு ஓடுறேன், வாசல்ல டயர் தடம்தான் கிடக்கு.

இலாரியோன்: அறிவு கெட்ட... மன்னிச்சுக்கோங்க. அப்படியே ஊத்தறதுன்னாலும் பச்சைத் தண்ணியை ஊத்தக் கூடாதா? சர்க்கரை சூட்டுல கெட்டியாகி பல்லு பூரா ஒட்டிக்கும். டீசல் விட்டு மூணு தடவை அலசணும் நான். எதுக்குப் பாகு?

கவ்ரிலா: தண்ணின்னுதான் நெனச்சேன்.

இலாரியோன்: என்னது?

கவ்ரிலா: ரெண்டும் வெள்ளை கேன். பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. ஊத்தி முடிச்சு கையெல்லாம் பிசுபிசுங்கறப்போதான் தெரிஞ்சுது.

இலாரியோன்: பாகு கேன்ல நீங்களே சிவப்புல கோடு போட்டு வச்சிருக்கீங்களே. இத்தாம் பெருசு.

கவ்ரிலா: ஆமா.

இலாரியோன்: அது கூடவா... மச்சான். இங்க பாருங்க. என் கையில எத்தனை விரல்?

கவ்ரிலா: கையை இறக்குடா. விரல் தெரியும். இன்னும் குருடாகலை.

இலாரியோன்: அப்பறம்?

கவ்ரிலா: கண்புரையாம். ரெண்டு கண்ணுலயும். பிப்ரவரியிலயே டாக்டர் சொல்லிட்டாரு. அறுக்கணுமாம். பகல்ல எப்படியோ ஓட்டிடுறேன், கொஞ்சம் கலங்கலா இருக்கும். ராத்திரியில எதிர்ல வெளிச்சம் வந்துச்சுன்னா அவ்வளவுதான், எல்லாமே வெள்ளை. தேனீயை ராத்திரியிலதானேடா கொண்டு போகணும்.

இலாரியோன்: வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் ஓட்டியிருப்பேனே! ஒரு வார்த்தை! லாரிக்குப் பாகு ஊட்டறதுக்கு இருந்த துணிச்சல்ல கால்வாசி...

கவ்ரிலா: முப்பத்தோரு வருஷம் ஊர்ல 'டிரைவர் கவ்ரிலா'ங்கறாங்க. எப்படிச் சொல்ல? நீயா இருந்தா சொல்லியிருப்பியா?

இலாரியோன்: ...தெரியலை.

கவ்ரிலா: இப்போ பம்ஃபிலும் போயிட்டான். நீ சரி பண்ணிக் குடு. எப்படியோ உருட்டிக்கிட்டுப் போயிடுறேன். வேற வழி?

இலாரியோன்: வாயை மூடுங்க. அந்தப் பை டூல்ஸ் பை இல்ல. என் மாத்துத் துணி. அக்கா சொல்லித்தான் கொண்டாந்தேன். 'நீதான்டா ஓட்டணும், ஏதாவது சாக்கு சொல்லி ஏறிக்கோ, அவருகிட்ட மூச்சு விடாத'ன்னுச்சு. ஏன்னு கேட்டா சொல்லலை.

கவ்ரிலா: கியர் கெட்டதும் கூப்பிட்டாளா?

இலாரியோன்: இல்ல. திங்கக்கிழமை.

கவ்ரிலா: திங்கக்கிழமை வண்டி நல்லாத்தானே நின்னுச்சு?

இலாரியோன்: அதைத்தான் நானும் இங்க வந்ததுல இருந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

கவ்ரிலா: எனக்கு வயசாச்சுன்னு நெனச்சிருப்பா. வேற ஒண்ணும் இருக்காது. அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டா.

இலாரியோன்: எது தெரிஞ்சா?

கவ்ரிலா: ...போன வருஷம். இதே பயணம். ஓல்ட்டு ஆத்து வளைவுல எதிர்ல ஒரு கார், முழு வெளிச்சம். எல்லாம் வெள்ளையாப் போச்சு. வெளிச்சம் தாண்டினதும் பாத்தா மூக்குக்கு முன்னாடி ஒரு குதிரை வண்டி. விளக்கு இல்ல, ஒண்ணுமில்ல. வைக்கோல் மேல ரெண்டு சின்னப் புள்ளைங்க, என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. எப்படி ஒடிச்சேன்னு எனக்கே தெரியாது மாப்ள. ஒரு சாண் இருக்கும், அவ்வளவுதான். அதுக்கப்பறம் விடிய விடிய ரெண்டாவது கியர்லயே உருட்டினேன். நல்லவேளை, உங்க அக்கா பக்கத்துல நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தா. தெரிஞ்சிருந்தா அப்பறம் என்கூட அந்த லாரியில ஏறியிருப்பாளா?

சவேத்தா: தூங்கலைய்யா.

கவ்ரிலா: ...நீ எப்ப வந்த?

சவேத்தா: காப்பி ஆறிப்போச்சு. அவ்வளவு நேரமாச்சு.

கவ்ரிலா: கண்ணு மூடித்தானே இருந்துச்சு? நான் திரும்பிப் பாத்தேனே.

சவேத்தா: நீ திரும்புவேன்னு தெரிஞ்சுதான் மூடிக்கிட்டேன். நானும் அந்தப் புள்ளைங்களைப் பாத்துட்டேன்னு தெரிஞ்சா நீ அங்கயே ஒடிஞ்சு போயிருப்ப. உன் கண்ணு மங்க ஆரம்பிச்சு மூணு வருசமாச்சுய்யா, உன் பக்கத்துல உக்காந்து நான் ஒரு ராத்திரி கூடத் தூங்கினதில்ல. இன்னிக்கு என் தம்பி ஓட்டட்டும். நான் கொஞ்சம் தூங்கணும்.